இருநூறு தாளில் ஒரு நடை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சின்னமனூர் தியேட்டருக்கு விளம்பர ஸ்லைடு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், கண்ணாடித் துண்டில் ஜவுளிக்கடைப் பெயரை எழுதி, ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு பெண்ணை வரைந்து வரைந்து எரிச்சலாகிவிட்டது. அவளை நடக்கவைத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். நேரே ஜவுளிக்கடை முதலாளியிடம் போய், தீபாவளிக்குப் பட்டுச்சேலை கட்டிய கல்யாணப் பெண் திரையில் நடந்து வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"நல்லா வந்துச்சுன்னா இனிமே கடை வெளம்பரம் பூராம் ஒனக்குத்தான் தம்பி. சொதப்பிறாத," என்றார்.

மனசிலிருந்து வரைந்து பார்த்தேன். என் பெண் நடக்கவில்லை, நொண்டினாள். அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது. ஒரு ஆளை நிஜமாகவே நடக்கவைத்துப் படம் பிடிக்க வேண்டும். அந்தச் சுருளை ஒவ்வொரு கட்டமாக ஸ்லைடு மெஷினில் வைத்துத் தாளில் விழவைத்து, விழுந்த உருவத்தின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். மதுரையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் நண்பன் ஒருவன் கேமராவோடு வரச் சம்மதித்தான். நடக்க ஆள்? எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் உதைதான் விழும். வீட்டில் அக்கா இருந்தாள்.

அக்கா கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள். தெருவில் கல்யாணம் என்றால் அன்று காலையிலேயே வயலுக்குப் போய்விடுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளைக் கல்யாணப் பட்டுக்கு நடக்கவைத்தது தெரிந்தால் முதலாளி என்னைக் கடைவாசலில்கூட நிற்க விடமாட்டார். ஆனால் எனக்கு அவசரம், தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

"ஒரு பொம்பள நடக்கிற மாதிரிப் படம் வரையணும், அவ்வளவுதான்" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். களத்துமேட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள்.

"எத்தன தடவடா நடக்க? வேல கெடக்குல்ல," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இருநூறு தாள் வரைந்தேன். கழுத்து வலித்தது, சோறு இறங்கவில்லை. ஒரு தாள் நூலளவு நகர்ந்தாலும் பெண் திரையில் குதிப்பாள் என்று நண்பன் பயமுறுத்தியிருந்தான். அக்காவின் உருவத்துக்குப் பட்டுச்சேலை கட்டினேன், பூ வைத்தேன், பொட்டு வைத்தேன். முகத்தை மட்டும் மாற்றி, ஒரு சின்னப் பெண்ணின் கன்னமும் கூரான மூக்கும் போட்டேன். இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று நிம்மதியானேன். நான்கூட அப்படி நினைத்ததுதான் வேடிக்கை. எங்கள் ஊரில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நாலு வயல் தள்ளி வரப்பில் ஒரு ஆள் வந்தால், கண்மூக்கு தெரிவதற்கு முன்னாலேயே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவோம். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் ஆட்களை அறிந்திருக்கிறேன்.

தாள்களை மதுரைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வந்தோம். தீபாவளியன்று முதல் பகல் காட்சி. தம்பி வரைந்ததைப் பார்க்க வேண்டும் என்று அக்காவும் தெருப் பெண்களோடு வந்து பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பெஞ்சை ஒட்டிய கதவருகே முதலாளியோடு நின்றேன். கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை.

இடைவேளையில் என் கல்யாணப் பெண் திரையில் வந்தாள். பூவும் பொட்டுமாக, வலது தோளை லேசாக முன்னால் விட்டு, இடது கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு குதிப்பும் இல்லாமல் நடந்தாள். விசில் பறந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஏத்தா, இது ஒன் நடைல்ல?" என்றது. மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். உடனே அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "யாரு நடைங்கிறாக?"

"யாரு நடையும் இல்ல மொதலாளி. நானா வரஞ்சது," என்றேன். யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். முதலாளி முகம் தெளிந்து என் தோளைத் தட்டினார். வேலை எனக்குத்தான் என்று ஆகிவிட்டது.

படம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா திட்டப்போகிறாள் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளாகப் பேசட்டும் என்று பொறுக்க முடியாமல், "யக்கா, பூவு பொட்டெல்லாம் கடைக்காக வச்சது. மனசுல வச்சுக்கிறாத," என்றேன்.

"அது நல்லாத்தான்டா இருந்துச்சு," என்றாள். பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கன அம்புட்டுப் பேரும் என்னயத்தான் பாத்தாக. ஆமான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ முந்திக்கிட்ட."