அடுப்பின் மேல் உட்கார்ந்த நாள்

எங்கள் வீட்டின் புதுச் சமையலறையை அப்பா முதலில் கட்டியது காலண்டர் தாளின் பின்பக்கத்தில். புரட்டாசி முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துக் கவிழ்த்துப் போட்டார். என் பென்சிலை வாங்கி, மேடை இங்கே, ஜன்னல் இங்கே, காஸ் சிலிண்டர் இங்கே என்று கோடு இழுத்தார். ஓரத்தில் மாதங்களையும் எழுதினார். ஐப்பசியில் வளைகாப்பு, அம்மா தாய்வீடு போவது. கார்த்திகையில் மணலும் சிமெண்டும் வருவது. மார்கழிக்குள் வேலை முடிவது. தையில் பிரசவம். பங்குனியில் அம்மா குழந்தையோடு வந்து புது அடுப்பில் பால் காய்ச்சுவது. சாமை விதைப்பதற்குக்கூட அவர் இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கி அரைமணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். சமையலறை என்று நாங்கள் சொன்னது ஒரு மண் அடுப்பையும், புகை படிந்து கறுத்துப்போன நான்கு சுவர்களையும். புகை வெளியே போக வாசல் ஒன்றுதான் வழி; மழைக்காலத்தில் அதையும் சாத்திவிடுவோம். நானும் அந்தப் புகையில் இருமிக்கொண்டே வளர்ந்தவள்தான். அடுத்த பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அப்பா முடிவு செய்தார். என் விஷயத்தில் அவருக்கு அது தோன்றாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுமக்கிற பெண் இருக்கும் வீட்டில் சுவரை இடிக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, அடுப்பில் கைவைக்கவே கூடாது. வைத்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இந்தச் சட்டத்துக்குக் காவல். அப்பா சட்டத்தை மீறுகிற ஆள் அல்ல. அம்மா வீட்டில் இருக்கும்வரைதானே சட்டம்? அவளை ஒடுகத்தூர் பக்கம் இருக்கும் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இடித்தால் குற்றமில்லை என்று கண்டுபிடித்தார். அத்தையும் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

மூன்றாம் வகுப்புப் படிப்பு கெட்டுப்போகும் என்று என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் படிப்பு கெட்டிருந்தால் நாட்டுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அம்மா இல்லாமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை என்பதை யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

எட்டு வயதின் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. அடுப்பை உடைப்பதற்காகத்தானே அம்மா போகிறாள்? முன்கூட்டியே அது உடைந்துவிட்டால் அவள் ஏன் போக வேண்டும்? வளைகாப்புக்கு நான்கு நாள் முன்பு, அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில், களைக்கொத்தை எடுத்து அடுப்பில் ஒரு போடு போட்டேன். பானை உட்காரும் மூன்று குமிழ்களில் ஒன்று பெயர்ந்து சாம்பலில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் அத்தையின் சட்டம் எனக்கு நினைவுக்கு வந்தது. குமிழை எடுத்து அதன் இடத்தில் ஒட்டவைத்துப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

மறுநாள் காலை குமிழ் அதன் இடத்தில் இருந்தது. புது மண் வைத்து, சாணி மெழுகி, ஈரம் காயாமல் இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, நகக்கண்ணில் இருந்த கறுப்பு மண்ணைத் துடைப்பக் குச்சியால் எடுத்துவிட்டாள். நான்காம் நாள் இரண்டு கையிலும் வளையல் குலுங்க ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

அதன்பிறகு வீட்டில் நானும் அப்பாவும். அப்பா பேச்சை வெல்லம் போலக் கிள்ளிக் கிள்ளிச் செலவழிக்கிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு பூட்டியிருக்கும். அவர் கொல்லைக்காட்டில் வேலை முடித்து வரும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள், அத்தை வீட்டில் சோறும் இருந்தது. இருந்தும் என்ன? எனக்கு அம்மா வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு அப்பா கூட்டிப்போவார். அங்கே நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். "சாப்ட்டியா" என்று அம்மா கேட்பாள், "சாப்ட்டேன்" என்பேன். அதோடு போன் அப்பா கைக்குப் போய்விடும்.

கார்த்திகை முழுவதும் மழை. மணல் ஏற்றிய வண்டி மலையேற முடியாமல் கீழேயே நின்றது. காலண்டர் தாளில் அப்பா ஒரு மாதத்தை அடித்து அடுத்ததில் எழுதினார். தாளைப் பார்க்காத ஒரே ஆள் குழந்தைதான். அது மார்கழிப் பிறப்பிலேயே, எட்டாம் மாதத்தில், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டது. தம்பி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார் அப்பா. ஏழாம் மாதப் பிள்ளைகூடத் தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏன் அப்படி ஆனது என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மட்டும் பதில் தெரியும். அதை யாரிடம் சொல்வது? சோறு இறங்கவில்லை. பிள்ளை ஏக்கம் பிடித்துப் போய்விட்டது என்றார்கள்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இரண்டாம் நாள் திரும்பினார். புகை அடிக்கிற வீட்டுக்கு இந்தப் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். மறுநாளே மேஸ்திரி வந்துவிட்டார். முதல் வேலை, பழைய அடுப்பை உடைப்பது.

நான் போய் அடுப்பின் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு குமிழுக்கே பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டது. முழு அடுப்பையும் உடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா பாப்பா, ஸ்கூல் இல்லியா? எழுந்துக்கோ, மேல வுழுந்துடப் போவுது."

அப்பா கையைப் பிடித்து இழுத்தார். நான் குமிழைக் கட்டிக்கொண்டேன். ஒரு அடி கொடுத்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். அதற்கும் எழவில்லை. பிறகு, அடித்தும் என் பிடி தளராததைப் பார்த்துச் சாம்பலிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"இன்னாம்மா? அப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். களைக்கொத்தைச் சொன்னேன், குமிழைச் சொன்னேன், தம்பி செத்துப்போவானா என்று கேட்டேன். அப்பா சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"சுமக்கறவ இருக்கற வூட்டுல அடுப்பு மேல கை வெச்சா சும்மா வுடுமா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனார். அத்தையும் பின்னாலேயே வந்தாள். நானும் கேட்க வேண்டும் என்று அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டு, பாப்பா சாப்பிடாமல் அழுகிறது என்றார். மறுமுனையில் யாரோ ஒரு கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அப்பா போனைக் காதில் வைத்துப் பார்த்தார்.

பிறகு அம்மா பேசினாள். "பாப்பா ஒடைக்கலைங்க. நாந்தான் ஒடச்சேன். சோத்துப் பானைய எறக்கும்போது தட்டிக்கிச்சி. வெளிய சொல்ல பயந்துக்னு நானே மண்ணு வெச்சிப் பூசிட்டேன். அது இன்னா பண்ணும், கொழந்தை."

அத்தை என்னவோ சொல்ல வந்தாள். அம்மா விடவில்லை.

"பாப்பா, கேக்குதா? அது ஏற்கெனவே ஒடஞ்சதும்மா. இப்பதான் தம்பி பொறந்துட்டானே, இனி வூட்டுல சுமக்கறவ யாரு இருக்கா? ஒடைக்கச் சொல்லு. ஒடச்சாதான் நாங்க வர முடியும்."

நான் நம்பினேன். களைக்கொத்தின் பிடி என் கையில் அதிர்ந்தது நன்றாக நினைவில் இருந்தும் நம்பினேன். அம்மா சொன்னால் சொன்னதுதான். என் போடு விழுவதற்கு முன்பே விரிசல் இருந்திருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். மூச்சு இறங்கி வயிறு வரை போனது. பல நாட்களுக்குப் பிறகு பசித்தது. பாறையிலிருந்து ஒரே ஓட்டமாக இறங்கி, மேஸ்திரியிடம் உடைக்கலாம் என்று உத்தரவு கொடுத்தேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், அடுப்பை உடைத்தது நானில்லை, எங்கள் அம்மாதான் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

தம்பி பிழைத்தான். தாளில் எழுதியபடி பங்குனியில், வெளிச்சமான புதுச் சமையலறைக்கு அம்மா அவனோடு வந்து சேர்ந்தாள். அவனுக்கு மட்டும் மழைக்காலம் வந்தால் நெஞ்சு இழுக்கும். அப்போதெல்லாம் அத்தை அம்மாவின் கைகளைப் பார்ப்பாள். சில சமயம் வாய்விட்டும் சொல்வாள். அம்மா ஒருமுறையும் பதில் பேசியதில்லை. அப்பாவும் அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, தம்பியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அம்மா திட்டியதற்கு, "நீதான அடுப்ப ஒடச்ச?" என்று நானே கேட்டேன். அம்மா காஸைச் சின்னதாக்கிவிட்டு வெளியே போய் நின்றாள்.

அம்மா பொய் சொன்னாள் என்பது வளர வளர எனக்கே விளங்கிவிட்டது. பிள்ளையைத் தேற்றுவதற்கு எல்லாத் தாய்மாரும் சொல்கிற பொய்தானே என்று அதையும் லேசாக எடுத்துக்கொண்டேன். அம்மாவும் அந்தச் சட்டத்தை அத்தையைப் போலவே முழுதாக நம்புகிறவள் என்பது மட்டும் வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, தன் பிள்ளை உள்ளே அப்படிக் கிடப்பது நான் போட்ட அந்த ஒரு போட்டால்தான் என்று நம்பிக்கொண்டேதான், அடுப்பை உடைத்தது பாப்பா இல்லை என்று அவள் சொன்னாள்.