குழாயை இறக்கிய கதை

இந்த நாட்டு வீடுகளுக்கு மொட்டைமாடி கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஓட்டுக் கூரைக்கடியில், பழைய பெட்டிகளுக்கு நடுவே இருட்டில் கிடக்கிறது. வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. நான் ஏணி வைத்து ஏறிக் காட்டினால் வியக்கிறார்கள்.

அந்தக் கூரைக்கடியை லாஃப்ட் என்பார்கள். அதை அறையாக்கிக்கொள்வது இப்போது லண்டனில் பரவி வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்று, தூத்துக்குடிப் புதுத் துறைமுக வேலையில் குழாய் பதிக்கப் பழகிய எனக்கு இங்கே அதுதான் சோறு போடுகிறது. இங்கே வந்து மூன்று வருடம் குழாய் தூக்கிய பிறகு, எங்கள் மேஸ்திரியான சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒரு வீட்டை என்னை நம்பி விட்டார். மிஸஸ் ஹாரிஸ் என்ற அம்மாளின் வீடு. கணவனை இழந்த தங்கை வந்து தங்க, லாஃப்டில் ஓர் அறையும் ஷவரும் வேண்டும்.

நடுவில் நின்ற தொட்டியை, கூரை சரிந்து இறங்கும் மூலைக்கு நகர்த்தித் தரையோடு வைத்தேன். இடத்தை அடைக்காமல் அழகாகத்தான் இருந்தது. ஷவரைத் திறந்தேன். நாலு சொட்டு விழுந்து நின்றது. அம்மாள் பார்த்துவிட்டு, "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் அண்ணாச்சிக்குப் போன் போயிருந்தது.

"ஏலே, தொட்டி தரையில, ஷவரு தலைக்கு மேல. தண்ணி என்ன படியேறியா வரும்? நம்ம ஊருக் குழின்னு நெனச்சியோ? இன்னிக்குச் சரியாகலன்னா அந்தம்மா வேற ஆளக் கூப்பிடுதாளாம். நீ பழையபடி பைப்பு தூக்கவேண்டியதுதான்."

"பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் சொன்னது சரி. ஊரில் எங்கள் தெருவில் முனிசிபல் குழாயில் வேகம் இருக்காது. வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கினால்தான் குடம் நிறையும். எதிர்வீட்டார் இன்னும் ஆழமாகத் தோண்டினால் எங்களுக்கு வரத்து குறையும். "அவ இன்னும் அரையடி தோண்டிட்டா. நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?" என்பாள் என் மனைவி. நான் மண்வெட்டியை எடுப்பேன். தண்ணீர் வேண்டுமென்றால் இறக்கு என்பது கையில் ஊறிப்போயிருந்தது. குழாயை இறக்குவதற்குப் பதில் தொட்டியை இறக்கிவிட்டேன்.

அன்றே முகட்டை ஒட்டிப் பரண் அடித்துத் தொட்டியை ஏற்றினேன். அதன் அடி என் தோளளவுக்கு வந்தது. அதற்கு மேல் கூரை விடவில்லை. நின்று குளிக்கும் ஷவருக்கு அந்த உயரம் போதாது. ஆனால் குழாயை இறக்கலாம். முகம் பார்த்துப் பேசவே கூசுகிற நான், அந்த அம்மாளை மேலே கூப்பிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சட்டையோடு குளிப்பதுபோல நடித்துக் காட்டினேன். தங்கை இப்படி உட்கார்ந்து குளிப்பாரா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வாய்பொத்திச் சிரித்தார். பிறகு யோசித்து, "ஷீ வில் லைக் தட்" என்றார்.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் குழாயை வைத்து, ரப்பர் குழலும் பூவாளித் தலையும் கோத்தேன். திறந்ததும் தண்ணீர் சீறி என் சட்டையை நனைத்தது. பார்க்க வந்த அண்ணாச்சி அடுத்த வீட்டின் சாவியை என் பையில் போட்டார்.

குழாயை மூடுமுன் ஒரு கை தண்ணீர் ஏந்தி நாக்கில் வைத்தேன். தூத்துக்குடியில் புதுக் குழாய் எதைத் திறந்தாலும், உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துத்தான் மூடுவோம். எனக்குத் தாகம் என்று நினைத்து மிஸஸ் ஹாரிஸ் கீழே போய்க் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அதையும் முதலில் நாக்கு நுனியில்தான் வைத்தேன்.