குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணி

"பொம்பளப் புள்ள செஸ் பலகை முன்னாடி குந்திக்கினு இன்னாத்த ஜெயிச்சுக் கிழிக்கப் போவுது?" என்று சித்தப்பா சிரித்தார். நான் ஜெயிக்கவில்லை. தோற்கவும் இல்லை. பொய் சொன்னேன்! அந்தப் பொய்யால் ஒருத்தியின் அழகான ஆட்டத்தைத் திருடிக்கொண்டேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இன்றும் உண்டு!

மூன்று வருடங்களுக்கு முன் செங்கல்பட்டில் பெண்களுக்கான சதுரங்கப் போட்டி. எதிரே கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த வசந்தி. என்னிடம் ராஜாவும் ராணியும். அவளிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும்! வெளியே என் அப்பா, நைனா, காத்திருந்தார், மீன் விற்ற கையோடு பஸ் ஏறி வந்தவர். எப்படித் தோற்பேன் நான்?

வசந்தி தன் ராஜாவைத் தானாகவே மூலைக்குக் கொண்டுபோனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சிப்பாயை என் ராணியின் வாயருகே தள்ளினாள். வெட்டினேன்!

நடுவர் குனிந்து பார்த்தார். "ஸ்டேல்மேட். ஆட்டம் சமன்."

அவள் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் போக ஒரு கட்டமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. மூலையில் தனியாக நிற்கும் ராஜாவுக்குக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைத்தால் இப்படித்தான் முடியும். புத்தகத்தில் படித்தவள்தானே நான்! "இதை வெட்டினால் அவள் அடுத்து எதை நகர்த்துவாள்?" என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தால்... சிப்பாயைத் தொட்டிருக்க மாட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் நைனா.

"ஜெயிக்க வேண்டியது நைனா. பாவமா இருந்திச்சு... வுட்டுக் குடுத்துட்டேன்."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பின்னாலேயே வசந்தி நின்றிருந்தாள்.

"பாவம் பார்த்தா விட்டே?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

திரும்பும் பஸ்ஸில், மனத்துக்குள் காய்களை மறுபடி நகர்த்திப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது! மூலைக்குப் போனது பயமல்ல, பொறி! சிப்பாய்தான் இரை! தோற்கும் ஆட்டத்தை இரண்டே நகர்த்தலில் மீட்டிருக்கிறாள்... என்ன மூளை அவளுக்கு! நானோ, பொறி தெரிந்தே இரக்கப்பட்டு மாட்டிக்கொண்டதாக அவளை நம்ப வைத்துவிட்டேன்.

அதன்பின் எந்தப் போட்டிக்கும் அவள் வரவில்லை. பலகையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். அது காதில் விழுந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, ஏன்? நைனாவின் அந்த முகத்துக்காகவா? என் கர்வத்துக்காகவா?

இன்று காலை நைனாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனேம்மா..." என்றார். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வசந்திக்கு எழுதினேன். கவரில் அல்ல, கார்டில். தபால்காரர் படிக்கட்டும், அவள் வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்! "நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ என்னை மாட்ட வைத்தாய்." கீழே அந்த மூலையையும் காய்களையும் வரைந்தேன்.

மறுபடி பலகையைத் தொடுவாளா? தெரியாது. கார்டைப் பெட்டியில் போட்டாயிற்று.