ஐந்து மணிக்கு எழுப்பிய கணக்கு மிஸ்

மர்பி டவுனில் என் மகள் படித்த பள்ளியின் கணக்கு மிஸ் ஒல்லியானவர். புடவை முந்தானையில் எப்போதும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால், கணக்கில் தோற்கும் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் செய்து எழுப்பிவிடுவார். என் மகள் மாதிரிப் பரீட்சையில் தோற்றிருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையிலும் தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார்.

முதல் நாள், நான் முருகனுக்கு விளக்கேற்றும்போது போன் வந்தது.

"எழுந்துட்டாளாம்மா?"

"அப்பவே எழுந்து படிக்கிறா மிஸ்," என்றேன். அவள் போர்வைக்குள் இருந்தாள்.

"போனைக் குடுங்க, பேசறேன்."

"பாத்ரூம் போயிருக்கா மிஸ்."

"வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

நிஜமாகவே இருந்தார். நான் மகளை உலுக்கி எழுப்பி, முகம் கழுவ வைத்து, போனைக் கொடுத்தேன். ஒரு கணக்கை முழுவதும் போட வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"அவ தூங்குறாள்னு சொல்லியிருந்தா அவளை மட்டும் எழுப்பியிருப்பேன். நாளையிலேர்ந்து உங்களையும் சேர்த்து எழுப்பணும் போல!"

சாமி முன்னால் நின்று பொய் சொன்ன வாய்க்கு அது தேவைதான். அதன்பின் நான் பொய் சொல்லவில்லை. பரீட்சை முடியும்வரை ஒருநாள்கூட அவர் விட்டதுமில்லை.

மகள் தேறினாள். அல்சூரில் முருகன் கோயிலுக்குப் போய், மிஸ்ஸுக்காகக் குருக்களிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யார் பேருக்கும்மா? நட்சத்திரம்?"

இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. என் போனிலும் 'கணக்கு மிஸ்' என்றுதான் இருந்தது.

"கணக்கு மிஸ்னே சொல்லுங்க சாமி. அஞ்சு மணிக்கு எழுப்புறவங்க. முருகனுக்குத் தெரியும்," என்றேன்.