எண்பத்தைந்தாவது சுற்று

என் மனைவி ஷெர்லினுக்கு என்னைவிட ஒரு கிருமிதான் முக்கியம் என்று கல்யாணமான புதிதில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிண்டலுக்குத்தான், ஆனால் பாதி நிஜம். கொடைக்கானலுக்குப் போனோம், இரண்டே ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் மேடம் திருச்சியில், லேப் வாசலில். பெட்டி என் கையில்.

அது கோழிக்கு டைபாய்டு மாதிரி ஒரு நோயைக் கொடுக்கிற பாக்டீரியா. மருங்காபுரிப் பக்கம் ஒரு பண்ணையில் செத்த கோழியின் ஈரலிலிருந்து எடுத்தது. கிருமியைத் தின்று தீர்ப்பதற்கென்றே கோழியின் உடம்பில் சில செல்கள் உண்டு. இந்தக் கிருமியோ தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அது எப்படி என்பதுதான் ஷெர்லினின் பிஎச்.டி. கோழி செல்களை லேபில் வளர்த்து, அதில் கிருமியை விட்டு, மூன்று நாள் கழித்துப் பிழைத்ததை எடுத்துப் புதிய செல்களில் விட வேண்டும். அது ஒரு சுற்று. இப்படி இருநூறு சுற்று. போகப் போக அதன் ஜீன்களில் ஓர் எழுத்து இங்கே, ஓர் எழுத்து அங்கே என்று மாறும். உள்ளே வாழத் தேவைப்படாததெல்லாம் கெட்டுப்போகும். "கடைசியில வெளிய பிழைக்கவே தெரியாமப் போயிடுங்க," என்பாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஞாயிறு, கிறிஸ்துமஸ், காய்ச்சல் எதுவும் கிடையாது. சுற்று தவறினால் செல்கள் செத்துவிடும். எனக்கு ஸ்ரீரங்கம் தபால் ஆபீசில் வேலை, வீடு திருவானைக்காவலில். அவளைக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து ஆபீஸ் போவேன். சிடுசிடுத்துக்கொண்டேதான்.

எண்பத்து நாலாவது சுற்று முடிந்த சமயத்தில் என் மாமனார் இருதயநாதன் இறந்துபோனார். அடக்கத்தன்று காலையில், "பூசை பத்து மணிக்கு மேலதானே, லேபுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேங்க," என்றாள், அழுத முகத்தோடு. எனக்கு வந்ததே கோபம். "உனக்கு உங்கப்பா முக்கியமா, கோழிக் கிருமியா?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கத்தினேன். அவள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனபோது செல்களோடு கிருமியும் செத்து, பூஞ்சை பிடித்திருந்தது.

இருபது சுற்றுக்கு ஒருமுறை கிருமியில் கொஞ்சம் எடுத்து உறைய வைப்பாள். எண்பதாம் சுற்றின் குப்பியைத் திறந்து பார்த்தாள், பிழைக்கவில்லை. அறுபதாம் சுற்றின் கிருமிதான் பிழைத்தது. நியாயப்படி அறுபத்தொன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், கைடு சிவசங்கர் சாரிடம் சொல்லவும் வேண்டும். இரண்டரை மாத உழைப்பு போச்சு. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். நான் கத்தியதன் வினை அது. அது உறுத்தியதாலோ என்னவோ, "அறுபத்தொன்னை எண்பத்தஞ்சுன்னு எழுதிட்டுப் போயேன். கிருமி வந்து சாட்சி சொல்லப்போகுதா?" என்றேன். எழுதினாள்.

கிருமி வந்து சாட்சி சொன்னது. ஒவ்வொரு இருபதாம் சுற்றிலும் எடுத்து வைத்த டி.என்.ஏ.வைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எண்பதில் மாறியிருந்த ஓர் எழுத்து நூறில் பழையபடி இருந்தது. இருக்காதா பின்னே? அந்த நூறு, எண்பதின் வாரிசே அல்ல, அறுபதின் வாரிசு. சாருக்கு அது தெரியாதே. இழந்ததைக் கிருமி திரும்ப மீட்டுக்கொண்டுவிட்டது, யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டோம் என்று மனிதர் துள்ளினார். துறை முழுக்க லட்டு கொடுத்தார். ஷெர்லினும் ஒன்று வாங்கித் தின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் புழுங்கிவிட்டு, சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சார் எழுந்து கதவைச் சாத்தினாராம்.

"கட்டுரை அச்சுக்குப் போயாச்சும்மா. இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு சார்."

"அவர் எங்க போய்ச் சொல்லப்போறாரு. விடு."

சொல்லிவிட்டால் விடுதலை என்று நம்பிப் போனவள், இன்னொரு ஆளையும் உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பினாள். பட்டம் வந்தது. அதே துறையில் வேலையும் வந்தது. கோயிலில் ஃபாதர் பெயர் சொல்லி வாழ்த்தினார். தலை குனிந்தே நின்றாள். எல்லாரும் அடக்கம் என்றார்கள். அந்த ஞாயிற்றிலிருந்து, பாவத்தோடு வாங்கக் கூடாதென்று, அவள் நற்கருணை வாங்கப் போவதில்லை. பூசை முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

போன மாதம் நாமக்கல்லிலிருந்து ருக்ஸார் என்ற ஆராய்ச்சி மாணவி மெயில் அனுப்பியிருந்தாள். ஷெர்லினின் கட்டுரையை நம்பித்தான் அவளுடைய பிஎச்.டி. மூன்று தடவை செய்தும் அந்த எழுத்து திரும்பவில்லை. இரண்டரை வருஷம் போய்விட்டது. உன் கை சரியில்லை என்று அவளுடைய கைடு திட்டுகிறாராம். 'எந்த இடத்தில் தப்பு செய்கிறேன், மேடம்?' என்று கேட்டு, போன் நம்பரையும் போட்டிருந்தாள்.

ஷெர்லின் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "என்னங்க பண்றது?" என்றாள்.

அவள் வேலை, பட்டம், சாரின் பெயர் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.

அவள் போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டாள்.

"ருக்ஸார், உங்க கை சரியாத்தாம்மா இருக்கு. கிருமியும் சரியாத்தான் இருக்கு. நான்தான் பொய் எழுதினேன்."

அந்தப் பக்கம் அந்தப் பெண் ஓவென்று அழுதது எனக்கும் கேட்டது.