லண்டனுக்கு அஞ்சு மணி நேரம்

திருப்பாச்சூர் தணிகாசலத்துக்கு நாலு காணி நெல் வயலும், தன் கணக்கு தப்பவே தப்பாது என்ற நினைப்பும் இருந்தன. வயல் அப்பன் வைத்துவிட்டுப் போனது. நினைப்பு சொந்தச் சம்பாத்தியம்.

மகள் குணசுந்தரி நர்ஸ் வேலைக்கு லண்டன் போனது எழுபத்தொன்றில். 'காலை எட்டு மணிக்குப் பம்பாயில் ஏறினேன், மத்தியானம் ஒரு மணிக்கு லண்டனில் இறங்கினேன், இறங்கினதும் அசந்து தூங்கிவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். தணிகாசலம் எட்டிலிருந்து ஒன்று வரை விரல் விட்டு எண்ணினார்.

"நாலாயிரத்து ஐந்நூறு மைலாம். அஞ்சே மணி நேரம்! நம்ம மாட்டுவண்டி பெரியபாளையம் போய்ச்சேர அத்தவிட லேட்டாவுது" என்று டீக்கடையில் அடித்துவிட்டார். அன்றிலிருந்து ஊர் அவரை 'ஏரோப்ளேன்காரர்' என்றது. கிண்டல் என்று தெரிந்தும் அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

மனைவி அஞ்சம்மாள் மட்டும், "அஞ்சு மணி நேரந்தான்னா, எறங்கினதும் பொண்ணு இன்னாத்துக்கு அப்டி அசந்து தூங்கிச்சாம்?" என்றாள்.

"ஒனக்கு இன்னா தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, பொங்கலுக்கு வருவதாகத் தந்தி வந்தது. வியாழன் இரவு பத்து மணிக்கு லண்டனில் விமானம் ஏறுகிறாள். பம்பாய்க்கு ஐந்து, மீனம்பாக்கத்துக்கு இரண்டு. விடியற்காலையில் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். வெளியே வரும் பெண் முதலில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வேன் பிடித்து, இருபது பேரோடு மீனம்பாக்கத்தில் போய் நின்றார். கட்டுச்சோறு தீர்ந்தது. மாலை வாடியது. மத்தியானம் ஆகியும் பெண்ணைக் காணோம். வேன்காரன் முணுமுணுத்தான்.

"இந்தாய்யா, உள்ள போய் ஒருவாட்டி கேளேன்" என்றாள் அஞ்சம்மாள்.

ஏரோப்ளேன்காரர் போய் இன்னொருத்தரிடம் நேரம் கேட்பதா! "ப்ளேன் சீக்கிரமே வந்துட்டுகீது. பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்கும். ஏறுங்க எல்லாரும்!"

"நான் வரல. இங்கியே குந்திக்கினு கீறேன்" என்று அஞ்சம்மாள் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பினால் வீட்டில் பூட்டு தொங்கியது. திரும்பிப் போகலாம் என்றால், வேன்காரன் அதற்குள் கும்பிடு போட்டுக் கிளம்பிவிட்டான்.

இருட்டிய பிறகு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தாயும் மகளும் இறங்கினார்கள். ஓடிப்போய் மகள் கையைப் பிடித்த தணிகாசலம், அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஒம்போது ஆவப் போவுது. ஒன் வாச்சு மூணரைன்னு காட்டுதே, நின்னுபோச்சா?"

"ஓடுது நைனா. அது லண்டன் மணி, இன்னும் மாத்தல. நம்ம மணிக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அங்க மத்தியானம் ஒண்ணுன்னா, இங்க சாயங்காலம் ஆறரை."

எட்டிலிருந்து ஒன்று வரை எண்ணிய விரல்களை அவர் மெல்ல மடக்கிக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் அவரே ஆரம்பித்தார்: "லண்டன்லேர்ந்து கெளம்பினவ வந்து சேந்துட்டா. திருப்பாச்சூர்லேர்ந்து கெளம்பின ஏரோப்ளேன்தான் பாதியில திரும்பிடிச்சி!" கடையே சிரித்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. முந்தின ராத்திரி அஞ்சம்மாள் சொன்னது அது. வெளியே வந்த குணசுந்தரி, எதிரே நின்ற தாயின் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, முதல் வார்த்தையாகக் கேட்டாளாம்:

"நைனா வரலியா?"