கடைசியாக உள்ளே வரவேண்டியவன்

ரொறன்ரோவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மாதம் ஒருமுறையாவது நெருப்பு மணி அடிக்கும். யாரோ ஒருவர் பாண் துண்டை வாட்டப்போய்க் கருகவிட்டிருப்பார். இந்த நாட்டுக்காரர் அதற்காக ஓடுவதில்லை. எதிர்வீட்டுக் கிழவர் தன் நாய்க்கு முதலில் குளிர்ச்சட்டை போட்டுவிடுவார், பிறகு தனக்கு ஒரு கோப்பை கோப்பி ஊற்றிக்கொள்வார், அதற்குப் பிறகுதான் படியிறங்குவார். இங்கே வந்த முதல் மாரியில் அந்த மணியை முதன்முதலாகக் கேட்டபோது நான் சாரத்தோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல், ஏழு மாடிகளையும் இறங்கிப் பனியில் போய் நின்றேன். கட்டடத்திலிருந்து முதலில் வெளியே வந்த ஆள் நான்தான். என் மனைவி பவளமும் மகள் வாசுகியும் பத்து நிமிடம் கழித்து வந்தார்கள். வாசுகியின் கையில் என் கோட் இருந்தது. அதை என் தோளில் போட்டாள். கிழவர் என் முதுகில் தட்டி, "நல்ல ஓட்டக்காரன் நீ, உன்னை ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்" என்றார். மனிதர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன். வாசுகியும் நிலத்தைப் பார்த்தாள். அவள் ஏன் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நாலு வருடங்களாக நாங்கள் இருவரும் ஊரில் நடந்த அதைப் பற்றிப் பேசியதில்லை.

பேச வைத்தது ஒரு விளையாட்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், அதுவும் ஊரில் பதினெட்டு வருடம் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவன், கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஊரில் மின்சாரத்தை மறந்துபோய், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கிற உங்களிடம் இதைச் சொல்வதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

வாசுகி யூனிவேர்சிற்றியில் முதலாம் வருடம் படிக்கிறாள். நாலு மணிக்கு வகுப்பு முடிந்தாலும் ஏழு மணிக்குத்தான் வீடு வருவாள். கேட்டால் கொம்பியூட்டர் லாபில் இருந்தேன் என்பாள். பவளம் என்னை விடவில்லை. "இஞ்சாருங்கோ, உவள் ஆரோ பெடியனோடை கதைச்சுக்கொண்டு திரியிறாள் போலை கிடக்கு. தேப்பன் எண்டு ஒரு ஆள் இருக்கிறியள்தானே, ஒருக்கா விசாரியுங்கோவன்." நான் மகளிடம் விசாரிக்கவில்லை. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளது பௌதிகப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு தாளில் ஏதோ விளையாட்டு ஒன்றின் கொம்பியூட்டர் முகவரி இருந்தது. அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'தாழை' என்று எழுதியிருந்தாள். அது அவள் அந்த விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

எனக்குக் காலையில் பெட்டி அடுக்கும் வேலை. பின்னேரத்தில், புதிதாக வந்த குடிகளுக்கென்று ஒரு கல்லூரியில் நடக்கும் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்வந்தேன். வகுப்பு மூன்று மணிக்கு முடியும், லாப் ஆறரை வரை திறந்திருக்கும். அங்கே இருந்து அந்த முகவரியைத் தட்டினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. படம் ஒன்றும் இல்லை. 'நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய். வடக்கே இருட்டு. கிழக்கே தண்ணீர்ச் சத்தம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வடக்கு என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று அடுத்த வரி வரும். அதே நேரத்தில் அதே குகைக்குள் ஒஹாயோவிலிருந்து ஒருவன், சுவீடனிலிருந்து ஒருத்தி என்று வேறு வேறு ஊர்க்காரர் நடந்துகொண்டிருப்பார்கள். ஒருவன் துறவி, ஒருவன் திருடன், எல்லோருக்கும் பொய்ப்பெயர், பொய்வேடம். கூட்டமாகச் சேர்ந்து போவார்கள். ஒருவர் தலைவர், மற்றவர்கள் பின்னால். நான் 'ஹெரான்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் நாரை. கடல்நீரேரியில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரையைப்போல அசையாமல் நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் திட்டம்.

பெடியன் ஒருவரும் இருக்கவில்லை. வாசுகி அங்கே வைத்தியராக இருந்தாள். காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டுவது அவள் வேலை. அத்தோடு நான் வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறவில்லை. கை சும்மா இருக்காமல் அந்தக் குகைகளைக் கட்டத்தாளில் வரையத் தொடங்கினேன். வடக்கே இரண்டு, கிழக்கே ஒன்று, படி இறக்கம், மூடிய கதவு என்று இரண்டு கிழமையில் பதினொரு தாள் சேர்ந்தது. மற்றவர்கள் வழி தப்பி அலையும்போது நான் தாளைப் பார்த்து வழி சொன்னேன். யூனிவேர்சிற்றியில் சோதனை வருகிறதென்று பழைய தலைவர் விலகியபோது, 'பட்டர்நைஃப்' என்று பெயர் வைத்திருந்த ஒஹாயோப் பெடியன் என்னை முன்மொழிந்தான். எல்லோரும் ஆமென்றார்கள். தாழையும்தான். "மதிப்புக்குரிய அங்கத்தவர்களே, இப்பொறுப்பைப் பணிவுடன் ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். திரை முழுவதும் கைதட்டல். "என்ன நடிப்பு! பழங்காலத்துப் பிரபுவைப்போலவே பேசுகிறாய்" என்றான் பட்டர்நைஃப். நான் நடிக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த ஆங்கிலம் அதுதான். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வயது மேற்பார்வையாளன் என்னை 'படி', ஆங்கிலத்தில் தோழன், என்று கூப்பிட்டுக் கையால் சைகை காட்டி வேலை சொல்வான். இங்கே எட்டுப் பேர் என் ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றார்கள். அதில் நான் ருசி கண்டுவிட்டேன். மகளை உளவு பார்க்கப் போன இடத்தில் நான் பெரிய மனிதனாகிவிட்டேன்.

அந்தக் குகைகளில் ஒன்றில் கல் விழும். தலைவர் நடந்தால் கூட்டமும் கூடவே நடக்கும். ஆனால் யாருடைய தொடர்பாவது இடையில் அறுந்திருந்தால் அவர் வாசலிலேயே விறைத்து நிற்பார், முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் பட்டர்நைஃப் ஒருநாள் பின்தங்கிக் கல் விழுந்து செத்து, ஐந்து மாதம் சேர்த்ததையெல்லாம் இழந்தான். அதற்குப் பிறகு நான் ஒரு விதி போட்டேன். ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகவேண்டும். போகும்போது தன் எண்ணைத் தட்ட வேண்டும். ஆகப் புதியவர் ஒன்று, பழையவர்கள் பிறகு, தலைவர் கடைசி. எட்டுப் பேரும் உள்ளே போன பிறகு நான் ஒன்பது என்று தட்டிவிட்டு நுழைவேன்.

"ஹெரான், நீ என்ன பாலர் வகுப்பு வாத்தியாரா?" என்று பட்டர்நைஃப் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். தாழை சிரிக்கவில்லை. "முறைப்படி நான் ஏழு. ஆனால் எனக்கு ஐந்து தருவீர்களா?" என்று கேட்டாள். தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஐந்தைக் கொடுத்தேன்.

சண்டைக் காலத்தில், ஊரில் மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் நாலு வீடுகளுக்கும் பொதுவாக எங்கள் வளவில்தான் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினோம். மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. பதினாலு பேர் நெருக்கி இருக்கலாம். பக்கத்து வீட்டுச் செல்லத்துரை, "அண்ணை, உங்கடை வளவுக்கைதானே கிடக்கு, அப்ப நீங்கள்தான் எங்கடை சேர்மன்" என்று அறிவித்துவிட்டார். சேர்மன் விதி போட்டேன். பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் ஓடிவந்து உள்ளே இருந்ததும் ஆகச் சின்னவரிலிருந்து எண்ண வேண்டும். பெரியவர்களிலிருந்து தொடங்கினால் கடைசியில் சின்னதுகள் பயத்தில் வாய் திறக்காதுகள், யார் இல்லை என்று தெரியாமல் போய்விடும். வாசுகி ஐந்து. நான் பதினாலு. எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வாசலால் கடைசியாக வரவேண்டியவன் நான்.

ஒரு காலைநேரம். கிணற்றடியில் வாசுகி தலைமுழுகிக்கொண்டிருந்தாள். நான் கப்பியில் தண்ணீர் இறைத்து அவளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் சவர்க்கார நுரை. பொம்மர் பதிந்து வரும் சத்தம் திடீரென்று தலைக்கு மேலேயே கேட்டது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. பங்கரின் ஆக உள்மூலையில் போய்க் குந்தினேன். மற்றவர்கள் எனக்குப் பிறகு வந்து விழுந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்குப் பிறகு சத்தமில்லை. ஐந்து இல்லை. குண்டு எங்கோ வாழைத்தோட்டத்துப் பக்கம் விழுந்து மண் உதிர்ந்தது. வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, தலைமயிரிலிருந்து தண்ணீர் ஒழுக, சுவரைத் தடவித் தடவி அவள் வந்தாள்.

"அஞ்சு" என்றாள்.

ஆறு, ஏழு என்று எண்ணிக்கை போய் என்னிடம் வந்தது. உள்மூலையிலிருந்து நான் "பதினாலு" என்றேன். செல்லத்துரை, "சேர்மன் இண்டைக்கு முதல் ஆளாய் வந்திட்டார். பதவியைப் பறிக்கவேணும்" என்றார். பயம் தெளிந்ததில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று யாரும் சாகவில்லை, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அடுத்த வருடம் நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். அங்கிருந்து எவ்வளவோ விட்டுவிட்டு வந்தேன். அந்த "அஞ்சு" மட்டும் என்னோடு வந்தது.

எண்ணும் விதி வந்து மூன்று கிழமை இருக்கும். தாழை எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு செய்தி எழுதினாள். "தலைவரே, உங்களிடம் ஒன்று சொல்லலாமா? என் நாட்டில் போர். ஒருநாள் விமானம் வந்தபோது என் அப்பா என்னை விட்டுவிட்டு முதலில் ஓடிவிட்டார். எனக்கு அவரில் கோபமில்லை. பயம் எல்லோருக்கும் வரும். ஆனால் அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. அதுதான் தாங்கவில்லை. நான் என்ன செய்ய?"

லாபில் எனக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் அப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். எழுந்து போயிருக்கலாம். நான்தான் அது என்று இரண்டு சொல் எழுதியிருக்கலாம். நான் எழுதியது இதுதான்: "ஒருவேளை உன் அப்பா உன்னைக் கவனித்திருக்க மாட்டார். அந்தச் சத்தத்தில் நீ கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காது. அப்பாமாரும் மனிதர்தானே, மன்னித்துவிடு." தலைவருக்குரிய நிதானத்தோடு, முற்றுப்புள்ளியெல்லாம் சரியாக வைத்து எழுதினேன்.

"நான் கூப்பிட்டதாக உங்களுக்குச் சொல்லவில்லையே" என்று பதில் வந்தது. அதோடு தாழை வெளியேறிவிட்டாள்.

அன்று பஸ்ஸால் இறங்கியபோது வாசுகி தரிப்பிடத்தில் நின்றாள். என்னைக் காத்துத்தான் நின்றாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"உங்கடை வகுப்பு மூண்டு மணிக்கு முடியுதெல்லே அப்பா? இவ்வளவு நேரமும் என்ன செய்யிறனியள்?"

"லாபிலை... கொஞ்சம் பழகிறனான்."

"ஹெரான் எண்ட பேரிலையோ?"

"எப்பதொட்டுத் தெரியும்?" என்றேன்.

"எண்ணச் சொன்ன அண்டைக்கே. சின்னவையிலை இருந்து எண்ணுற தலைவரை நான் உலகத்திலை வேறை எங்கை பாத்தனான்? அதுதான் அஞ்சைக் கேட்டனான். அப்பவும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் பிள்ளை, ஆரோ பிறத்தி ஆளுக்குச் சொல்லுறமாதிரி..."

"வீட்டிலை தொடங்கினால் எழும்பிப் போயிடுவியள். அங்கையெண்டால் பதில் எழுதத்தானே வேணும். எழுதினியள்." அவள் குரல் உயரவில்லை. "கயிறு உங்கடை கையிலை இருந்தது. கேக்கேல்லையாம். நான் அந்த விளையாட்டுக்குள்ளையும் உங்களுக்கு வாசலைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டனான் அப்பா. திரும்பவும் நீங்கள் முதல் ஆளாய் உள்ளை போயிட்டியள்."

தெருவில் கார்கள் பனிச்சேற்றை அடித்துக்கொண்டு போயின. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்ப்பதற்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"கேட்டது பிள்ளை. நீ கூப்பிட்டது கேட்டது. ரெண்டு தரம் கூப்பிட்டனீ."

"மூண்டு தரம்" என்றாள். பிறகு என் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் பவளம் கதவைத் திறந்து, "இதென்ன, தேப்பனும் மேளும் ஒரே பஸ்ஸிலையோ? இப்ப உங்கள் ரெண்டுபேரிலையும் எனக்குச் சந்தேகமாக் கிடக்கு" என்றாள். சாப்பாட்டு மேசையில் அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து பார்த்ததையும், கிணற்றடியையும். பவளம் சோற்றுச் சட்டியை மூடிவைத்தாள். "அண்டைக்கு வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி இரவல் வாங்கினது நான்தான்" என்றாள். அவளும் இத்தனை வருடமாக எதையோ எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்தநாள் கூட்டத்தாருக்கு என் பதவி விலகலை எழுதினேன். காரணம் கேட்டார்கள். தகுதியில்லை என்றேன். "அருமையான பாத்திரம், அதைக் கொன்றுவிடாதே" என்றான் பட்டர்நைஃப். தலைவர் பதவிக்குத் தாழையை முன்மொழிந்தேன். அவள் ஏற்றுக்கொண்டாள். எண்ணும் விதியை அவள் மாற்றவில்லை. எண்களைத்தான் மாற்றினாள். தலைவருக்குரிய ஒன்பதைத் தான் எடுத்துக்கொண்டு, ஐந்தைப் பட்டர்நைஃபுக்குக் கொடுத்தாள். எனக்கு எந்த எண் என்று வீட்டில் இருக்கும்போதுதான் சொன்னாள்.

"உங்களுக்கு முதல் ஆளாய்ப் போய்ப் பழக்கம்தானே. ஒண்டை எடுங்கோ."

அவளது உதட்டோரத்தில் சிரிப்புப்போல ஏதோ இருந்தது. தண்டனையா, செல்லமா என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் பின்னேரங்களில் அந்தக் கல் விழும் குகைக்குப் போகிறோம். நான் ஒன்று என்று தட்டிவிட்டு முதலில் நுழைகிறேன். 'நீ இருட்டில் நிற்கிறாய். பின்னால் வாசல் தெரிகிறது' என்கிறது திரை. ஒரு காதில் ரொறன்ரோ லாபில் யாரோ விசைகளைத் தட்டும் சத்தம். மற்றக் காதில் வாளி இன்னும் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. இரண்டு வருகிறது, மூன்று, நாலு வருகிறது. பனங்குற்றிகளுக்குக் கீழே உள்மூலையில் குந்தியபடி, கல்லூரி நாற்காலியில் இருந்தபடி, நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டு வந்துவிட்டது. வெளியே என் மகள் நிற்கிறாள். ஒன்பது இன்னும் வரவில்லை.